காதுக்கு உகந்த கார்

*எத்தனை ஸ்பீக்கர் என்று ஊர் கேட்கிறது. ஹை-ஃபை ரசிகர்கள் காரில் தேடுவது வேறொன்று.*

ஒலிபெருக்கி செய்து உலகெங்கும் பேர் பெற்ற அமெரிக்காவின் போஸ் ஸ்தாபனத்தார், 2004-ஆம் ஆண்டில், பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு காரை ஓட்டிக் காண்பித்தார்கள். பார்வைக்கு எந்த விசேஷமும் இல்லாத, அதற்குள்ளாகவே சற்று வயதேறிவிட்ட லெக்ஸஸ் எல்.எஸ். 400 அது. மேடு மேடாக அமைத்த பாதையின்மீது சாதாரண சஸ்பென்ஷன் பூட்டிய கார் சென்றபோது முன்பக்கம் அமிழ்வதும் பின்பக்கம் எழும்புவதுமாக உடல் முழுவதும் குலுங்கிற்று. அதே பாதையில் போஸ் ஸ்தாபனத்தாரின் கார் சென்றபோது, நான்கு சக்கரங்களும் தையல் யந்திரத்தின் ஊசியைப் போல் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்க, அவற்றின் மேலிருந்த உடல் மட்டும் ஓர் அசைவுமின்றி நேரே சென்றது. வளைவில் திரும்பியபோது சாயவில்லை; பிரேக் பிடித்தபோது மூக்கைத் தாழ்த்தவில்லை. பாதையின் குறுக்கே ஒரு தடையைப் போட்டபோதோ, அந்தக் கனத்த வாகனம் நான்கு சக்கரங்களையும் உள்ளிழுத்துக்கொண்டு எகிறிக் குதித்து, அப்பால் மெத்தென்று இறங்கி, ஒன்றும் நடவாததுபோல் தன் வழியே போயிற்று.

ஸ்பீக்கர் செய்கிறவருக்குக் காரின் ஸ்பிரிங்கோடு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அந்த வேலையை 1980-ஆம் ஆண்டிலேயே தொடங்கி, இருபத்துநான்கு வருஷ காலம் வெளியுலகுக்குத் தெரியாமல் நடத்தி வந்தவர் அமர் போஸ். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துத் தலைமறைவாகி அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்ற வங்காளப் புரட்சியாளர் ஒருவரின் புதல்வராக 1929-இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்து, யுத்த காலத்தில் ரேடியோ பழுது பார்த்துக் குடும்பத்துக்கு உதவி, பின்னர் எம்.ஐ.டி. என்னும் புகழ்பெற்ற கலாசாலையில் ஆசிரியரானவர். 1956-இல் ஆசையோடு விலை கொடுத்து வாங்கிய ஹை-ஃபை சாதனம் காதுக்கு ஏமாற்றமளிக்கவே, ஒலியின் இயல்பை ஆராயப் புகுந்து, 1964-இல் தம் பெயரால் ஸ்தாபனம் கண்டார். ஸ்பீக்கருக்குள்ளே காந்தத்தின் நடுவில் இருக்கும் கம்பிச்சுருள், ஆம்ப்ளிஃபயரிலிருந்து மின்சாரம் பாய்ந்ததும் முன்னும் பின்னும் அசைகிறது அல்லவா? அதையே பன்மடங்கு பெரிதாக்கிச் சக்கரத்துக்கும் உடலுக்கும் இடையில் வைத்து, சாலையின் மேட்டை ஓர் அபஸ்வரமாகக் கருதி, அதற்கு நேர் எதிரான அசைவினால் அதை அழித்துவிடலாம் என்பதே அவருடைய யுக்தி. ஸ்பிரிங் இருந்த இடத்தில் ஸ்பீக்கரின் தத்துவம் குடியேறிற்று.

பாரமும் விலையும் அதிகமென்று எந்தக் கார் கம்பெனியும் அதை வாங்கவில்லை. 2010-இல் லாரி ஓட்டுபவர்களின் ஆசனத்துக்கு அடியில் ஒரு சிறு வடிவம் இடம்பெற்றது. 2013-இல் போஸ் காலமானார். 2017-இல் அந்த நுட்பம் கிளியர்மோஷன் என்ற கம்பெனிக்கு விற்கப்பட்டது. இன்று சீனாவின் நியோ ஈ.டி.9 என்னும் மின்சாரக் காரில் அந்தக் கம்பெனியின் சஸ்பென்ஷன் ஓடுகிறது. கனவு கண்டவருக்கு அதில் ஏறிப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

இந்தக் கதையை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2024 நவம்பர் 26-ஆம் தேதி சென்னையில் மஹிந்திரா ஸ்தாபனத்தார், இப்போது பி.இ. 6 என்று வழங்கும் மின்சாரக் காரையும் எக்ஸ்.இ.வி. 9இ-யையும் வெளியிட்டதிலிருந்து, கார் வாங்கும் பேச்சில் மைலேஜுக்கு அடுத்தபடியாகச் சங்கீதம் இடம் பிடித்துவிட்டது. பதினாறு ஹார்மன் கார்டன் ஸ்பீக்கர்கள், டால்பி அட்மாஸ், போதாக்குறைக்குக் காரின் சப்தங்களை அமைத்துக் கொடுத்தவர் ஏ.ஆர். ரஹ்மான்! எக்ஸ்.யூ.வி. 700-இல் சோனியின் பன்னிரண்டு. இருங்காட்டுக்கோட்டையில் உருவாகும் ஹூண்டாய் கிரெட்டாவில் போஸின் எட்டு. எண்ணிக்கைதான் பேச்சு. நாற்பது ஐம்பது வருஷங்களாக வீட்டில் ஒரு மூலையைச் சங்கீதத்துக்கென்றே ஒதுக்கி வைத்துக்கொண்டு வாழும் பழைய ஹை-ஃபை ரசிகர்களோ, இந்தக் கணக்கைக் கேட்டுப் புன்னகை செய்கிறார்கள். காரிடம் அவர்கள் எதிர்பார்ப்பது அமர் போஸ் எதிர்பார்த்ததைத்தான்: முதலில் அது சும்மா இருக்கட்டும், பாட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டிக்கியைப் பார்த்து வாங்கிய கார்

இவர்கள் ஓட்டும் கார்கள் ஆடம்பரமானவையாக இருக்குமென்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். வருமானத்தில் பெரும் பகுதி வீட்டிலுள்ள ஆம்ப்ளிஃபயருக்குப் போய்விடுவதால், வாசலில் நிற்பது பெரும்பாலும் பழைய வாகனம். மேல்நாடுகளில் அது பெட்டி போன்ற பின்பகுதி கொண்ட வால்வோ ஸ்டேஷன் வேகனாக இருந்தால் ஆச்சரியப்படுவதற்கில்லை. 1974 முதல் 1993 வரை உற்பத்தியான வால்வோ 240-இன் பின் ஆசனத்தை மடக்கிவிட்டால் ஆளுயர ஸ்பீக்கரைப் படுக்க வைத்துக்கொண்டு போகலாம். இங்கிலாந்தின் க்வாட் கம்பெனி 1957-இல் வெளியிட்ட நிலைமின் ஸ்பீக்கரோ, ஒரு கணப்பு யந்திரம்போல் அகன்று வளைந்த தகடு. கனம் குறைவு, ஆனால் சிறு காரின் கதவில் எளிதில் நுழையாது. டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஷோரூமுக்குச் சென்று, என்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், டிக்கியின் வாயை அளந்து பார்த்துக் கார் வாங்குகிறவர்கள் இந்த ஒரு ஜாதியார்தாம்.

ஸ்பீக்கராவது பரவாயில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரையொட்டி லின் கம்பெனியார் 1970-களின் தொடக்கத்திலிருந்து செய்துவரும் எல்.பி.12 என்னும் ரிக்கார்டு பிளேயரைக் காரில் கொண்டுபோவது எப்படியென்று பாருங்கள். முதலில் ஊசி தாங்கும் கையை அதன் தாங்கியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். பிறகு கனத்த வெளித்தட்டை இரு கைகளாலும் தூக்கித் தனியே எடுத்துத் துணியில் சுற்ற வேண்டும். அடியிலுள்ள ரப்பர் பெல்ட்டைக் கழற்றி, உள்தட்டை மேலே இழுத்தால், அதன் நடுத்தண்டு எண்ணெய் சொட்டச் சொட்ட வெளியே வரும். அது இறங்கியிருந்த குழியில் எண்ணெய் நிற்பதால் பெட்டியை எந்தப் பக்கமும் சாய்க்கக் கூடாது. உள்ளே மூன்று ஸ்பிரிங்குகளின்மீது தொங்கும் பகுதி அதிர்ந்தால், ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் பழையபடி சமன் செய்ய அரைநாள் ஆகும். இவ்வளவும் செய்து முன் ஆசனத்தில் வைத்து சீட் பெல்ட் போட்டு, மனைவியைப் பின்னால் உட்காரச் சொல்லும் கணவன்மார் உண்டு. அப்படிப்பட்டவர் சஸ்பென்ஷனைப் பற்றி அபிப்பிராயம் சொன்னால் காது கொடுத்துக் கேட்கலாம்.

காரும் ஒலியும் ஒரே மனோபாவத்தின் இரு கிளைகள் என்பதற்கு இந்தத் தொழிலின் சரித்திரமே சாட்சி. ஸாலிஸ்பரியில் நேய்ம் ஆடியோவை நிறுவிய ஜூலியன் வெரெக்கர், அதற்கு முன் மினி கார்களைத் தாமே சீர்படுத்திப் பந்தயத்தில் ஓட்டியவர். முறையான பொறியியல் பட்டமின்றிக் கேள்வியாலும் கைப்பழக்கத்தாலும் கற்றவர். லின் கம்பெனியின் ஐவர் டீஃபென்ப்ரூன், நுட்பமான உலோக வேலை செய்யும் தம் தந்தையின் பட்டறையில் கடைந்த தாங்கியை வைத்தே ரிக்கார்டு பிளேயர் செய்யப் புகுந்தார். பின்னாளில் லின் கம்பெனியார் ஆஸ்டன் மார்ட்டின் வான்க்விஷுக்கும், நேய்ம் கம்பெனியார் 2008 முதல் பென்ட்லிக்கும் ஒலிச்சாதனம் செய்து கொடுத்தார்கள். வெரெக்கர் அதைப் பார்க்க உயிரோடில்லை, 2000-இல் மறைந்துவிட்டார்.

> பெட்டிச் செய்தி: பாட்டு காரில் ஏறிய கதை
>
> 1930: பால் கால்வின், அட்லாண்டிக் ஸிட்டியில் நடந்த ரேடியோ உற்பத்தியாளர்களின் மாநாட்டில் கடை போட வசதியில்லாமல், ரேடியோ பூட்டிய தம் ஸ்டுடிபேக்கரை வாசலில் நிறுத்தி உரக்கப் பாட வைத்து ஆர்டர் பிடித்தார். அந்த ரேடியோவின் பெயர் மோட்டரோலா.
>
> 1932: ஜெர்மனியின் ப்ளாபுங்க்ட், ஐரோப்பாவின் முதல் கார் ரேடியோவை வெளியிட்டது.
>
> 1956: கிரைஸ்லர் கார்களின் டாஷ்போர்டுக்கு அடியில் ரிக்கார்டு பிளேயர்! எல்.பி. இசைத்தட்டைத் தந்த பீட்டர் கோல்ட்மார்க் செய்தது. நிமிஷத்துக்கு 16⅔ சுற்று. அதற்கென்றே அச்சிட்ட ஏழங்குலத் தட்டு மட்டுமே ஓடும். சில வருஷங்களில் மறைந்தது.
>
> 1965: லியர்ஜெட் விமானத்தின் கர்த்தாவான பில் லியர் தந்த 8-டிராக் டேப், ஃபோர்டு கார்களில்.
>
> 1983 மாடல்: ஒரு குறிப்பிட்ட காரின் உள்ளறைக்கென்றே அளந்து செய்த போஸ் சாதனம், காடிலாக் ஸெவில் முதலிய கார்களில்.
>
> 1984: பயனீயரின் முதல் கார் ஸி.டி. பிளேயர்.
>
> 2010: காஸெட் பிளேயரோடு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கடைசிப் புதுக் கார்களில் ஒன்று, லெக்ஸஸ் எஸ்.ஸி. 430.

கனவில் வரும் கார்கள்

ஓட்டுவது வேறு, ஆசைப்படுவது வேறு. ஆசைப் பட்டியலில் முதலில் நிற்பது எதுவென்று இவர்களைக் கேட்டால், சிட்ரோயன் டி.எஸ். என்ற விடை அடிக்கடி வரும். 1955-இல் பாரிஸ் கண்காட்சியில் அது வெளியான முதல் நாளிலேயே 12,000 பேர் ஆர்டர் கொடுத்தார்கள். எஃகு ஸ்பிரிங்குக்குப் பதிலாக எண்ணெயும் அழுத்தப்பட்ட வாயுவும் சுமக்க, குண்டும் குழியுமான சாலைகளின்மீது அது மிதந்த விதம் அன்றைக்கு அதிசயம். அமர் போஸின் மனத்தில் சஸ்பென்ஷன் ஆசையை விதைத்ததும் அந்தக் கம்பெனியின் கார்தான் என்பார்கள். எல்.பி.12-இன் ஸ்பிரிங்குகளும் டி.எஸ்.ஸின் எண்ணெய்க் கோளங்களும் தீர்க்க முயன்ற பிரச்னை ஒன்றே: வெளியே உலகம் அதிரும்போது உள்ளே ஒன்று அதிராமலிருக்க வேண்டும்.

அடுத்தது மக்லாரன் எஃப்1. மொத்தம் 106 கார்களே செய்யப்பட்டு, 2021-இல் ஒன்று 2 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. ஆகையால் இதை ஆசை என்பதைவிட பக்தி என்பதே பொருந்தும். இதை வடிவமைத்த கார்டன் மர்ரே, ஒவ்வொரு கிராமையும் எடை பார்த்துக் குறைத்தவராயினும், சங்கீதத்தை மட்டும் விடவில்லை. கென்வுட் கம்பெனியாரைக் கொண்டு மிக லேசான ஸி.டி. சாதனம் ஒன்றைச் செய்வித்தார். தாம் ரேடியோ கேட்பதில்லை என்பதற்காக ரேடியோவை வைக்கவே இல்லை! தற்காலத்தில் அவர் செய்த டி.50 காரில் ஆர்காம் கம்பெனியின் 700 வாட் சாதனம் பத்து ஸ்பீக்கர்களோடு இருக்கிறது. அதன் எடை பழைய கென்வுட் சாதனத்தில் பாதிகூட இல்லை. ஆயினும் ஹை-ஃபை ரசிகர்கள் இவ்விரண்டு கார்களையும் நினைத்து ஏங்குவது வேறு காரணத்துக்காக. இவற்றில் ஓட்டுபவரின் ஆசனம் நட்டநடுவில் இருக்கிறது. அது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

சபை சரியில்லை

வீட்டில் இரண்டு ஸ்பீக்கர்களை வைக்கும் ரசிகர், அவையிரண்டும் தாம் அமரும் நாற்காலியும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளாகும்படி அளந்து வைக்கிறார். அப்போதுதான் பாடகர் இரண்டுக்கும் நடுவே, ஒன்றுமில்லாத வெற்றிடத்தில் நின்று பாடுவார். நம் நாட்டுக் காரிலோ, ஓட்டுபவருடைய வலப்பக்க ஸ்பீக்கர் முழங்காலை ஒட்டியும், இடப்பக்கத்து ஸ்பீக்கர் அதைவிட அறுபது சென்டிமீட்டர் அப்பாலும் இருக்கின்றன. விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் ஒலிக்கு அந்த வித்தியாசம், ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு பங்குக்கும் குறைவு. அற்பம் என்று நினைப்போம். காது அப்படி நினைப்பதில்லை. முந்தி வந்த ஒலியின் பக்கமே அது திரும்பிவிடுவதால், பாடகர் மேடையை விட்டிறங்கி வலப்பக்கக் கதவிலிருந்து பாடத் தொடங்குகிறார். அருகிலுள்ள ஸ்பீக்கரை அந்த அளவுக்குத் தாமதப்படுத்திச் சரிசெய்யலாம். செய்தால் ஓட்டுபவருக்குச் சரியாகும், பக்கத்திலிருப்பவருக்கு முன்னிலும் கெடும். ஒரு காரில் ஒருவருக்குத்தான் நல்ல சங்கீதம் என்னும் இந்த உண்மையை விளம்பரங்களில் யாரும் எழுதுவதில்லை.

போதாததற்கு, மேல் ஸ்தாயி ஒலிகள் கண்ணாடிகளில் மோதிச் சிதறுகின்றன. கீழ் ஸ்தாயிக்கு நிலைமை நேர்மாறு: உள்ளறை மிகச் சிறியதாகையால் ஆழ்ந்த பாஸ் ஒலி தானாகவே பெருகுகிறது. ஷோரூமில் கதவைச் சாத்திக்கொண்டு விற்பனையாளர் பாட்டைப் போட்டதும் நெஞ்சில் இடிக்கிறதே, அந்தப் பிரமிப்பில் பெரும் பகுதி பௌதிக சாஸ்திரம் இலவசமாகக் கொடுத்தது. அதை அடக்கத் தெரிந்தவரே நல்ல நிபுணர். மெர்ஸிடிஸ் கம்பெனியார் 2012-இல் பாஸ் ஸ்பீக்கர்களைக் கதவிலிருந்து எடுத்து, கால் வைக்கும் இடத்துக்கு முன்னாலுள்ள உலோகச் சட்டத்தின் வெற்றிடத்தில் பொருத்தினார்கள். கதவுத் தகடு கடகடப்பது நின்றது. 24 ஸ்பீக்கரும் 1,540 வாட்டும் கொண்டு 2013-இல் எஸ் கிளாஸில் வந்த பர்மெஸ்டர் சாதனத்தில் என் மதிப்பில் போற்றத்தக்கது அந்த 24 அன்று, இந்த இடமாற்றம்தான்.

எல்லாவற்றுக்கும் மேலான சத்துரு சாலை. மணிக்கு நூறு கிலோமீட்டரில் செல்லும் சாதாரணக் காருக்குள் 65 முதல் 70 டெசிபல் வரை இரைச்சல். இரவில் அமைதியான கூடத்தில் 30 இருக்கலாம். வீணையில் ஒரு ஸ்வரத்தை மீட்டிவிட்டு, தந்தியை இழுத்து, அந்த நாதம் தேய்ந்து தேய்ந்து அடுத்த ஸ்வரத்தில் கரையும் இடம் இருக்கிறதே, ராகத்தின் ஜீவனே அங்கேதான் இருக்கிறது. நெடுஞ்சாலையில் அந்த இடம் முழுவதும் டயருக்குப் போய்விடும். ஒலியைக் கூட்டினால், பல்லவியில் மிருதங்கம் காதைப் பிளக்கும். நூறு ஸ்பீக்கர் வைத்தாலும் இதற்குப் பரிகாரமில்லை.

பாட்டையே மாற்றிய இரைச்சல்

இதன் விளைவு காரோடு நின்றிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. ஃபோர்டு ஸ்தாபனத்தின் தொழிற்சாலையில் கார் பூட்டும் வேலை செய்த பெர்ரி கார்டி என்பவர் 1959-இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய மோட்டவுன் இசைக் கம்பெனியில், பதிவு முடிந்ததும் கார் ரேடியோவின் சிறு ஸ்பீக்கரைப் போன்ற ஒன்றில் பாட்டைப் போட்டுக் கேட்டு, அதில் எடுபட்டால்தான் வெளியே அனுப்புவார்கள். கேட்கிறவர் காரில் இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த வழக்கம் உலகெங்கும் பரவிற்று. இன்றும் ஒலிப்பதிவாளர்கள் பாட்டை எடுத்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்து கேட்டுப் பார்க்கிறார்கள்.

இரைச்சலுக்குள்ளும் கேட்க வேண்டுமானால் மெல்லிய பகுதியை உயர்த்தி, பெரிய பகுதியைத் தாழ்த்தி, எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்க வேண்டும். அப்படிச் செய்த பாட்டு காரில் சௌகரியமாக ஒலிக்கிறது. ஆனால் காருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு பிரதிகளை யாரும் வெளியிடுவதில்லை. ஆகவே லட்ச லட்சமாகச் செலவிட்டு, ஊசி விழுந்தாலும் கேட்கும் அறை கட்டி உட்கார்ந்திருப்பவருக்கும் அந்தத் தட்டையான பிரதியே வந்து சேர்கிறது. ஏற்ற இறக்கமற்ற அந்தப் பாட்டு, சாதனம் உயர உயர இன்னும் பரிதாபமாகத் தெரியும். ஹை-ஃபை ரசிகர்களுக்குக் காரின்மீதுள்ள மனத்தாங்கலின் ஆணிவேர் இதுதான்.

சும்மா இருக்கும் கார்

அப்படியானால் மௌனத்தை விலைக்கு வாங்க முடியுமா? முடியும், விலைதான் பயங்கரம். அறுபது மைல் வேகத்தில் மின்சாரக் கடிகாரத்தின் ஒலிதான் காருக்குள் பெரிதாகக் கேட்கும் என்று 1958-இல் விளம்பரம் செய்த ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனியார், 2020-இல் கோஸ்ட் காரை உருவாக்கியபோது நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஒலி அடக்கும் பொருள்களை உள்ளே வைத்தார்கள். விளைந்த நிசப்தம் ஏறி உட்கார்ந்தவர்களுக்குத் தலை சுற்றுவதுபோல் இருந்ததாம். ஆகவே உறுப்புகள் எல்லாவற்றையும் ஒரே சுருதியில் மிக மெல்லிதாக அதிரும்படி அமைத்து, அடியில் ஒரு முணுமுணுப்பைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கச்சேரிக்குத் தம்பூரா எதற்கென்று அறிந்த நமக்கு இது புதிய செய்தியல்ல.

மின்சாரக் கார் வந்ததும் இந்தப் பாக்கியம் எல்லாருக்கும் கிட்டிவிடும் என்று பலர் நம்பினார்கள். பாதி கிட்டிற்று. நகரத்தின் நிதான வேகத்தில் மின்சாரக் காரைப் போன்ற சங்கீத அறை வேறில்லை. சிக்னலில் நிற்கும்போது உள்ளே பூரண அமைதி. வேகம் எழுபதைத் தாண்டியதும், இதுவரை என்ஜின் மூடி மறைத்திருந்த டயரின் ஓசையும் காற்றின் சீறலும் அம்பலத்துக்கு வந்துவிடுகின்றன. பாட்டரியின் பாரத்தால் டயர்களும் அகன்றவை. ஸ்பீக்கர்களைக் கொண்டே நேர் எதிரான ஒலியை எழுப்பி இரைச்சலை அழிக்கும் முறையும் வந்திருக்கிறது. தாழ்ந்த ஓசைகளில் பலிக்கிறது, உயர்ந்தவற்றில் பலிப்பதில்லை.

இத்தனை பாடுபட்டுச் சப்தத்தை விரட்டியவர்களே அதைப் பின்வாசல் வழியாக அழைத்ததுதான் வேடிக்கை. 2011-இல் வந்த பி.எம்.டபிள்யூ. எம்5-இன் உள்ளறை மிகவும் அமைதியாகிவிட்டது என்று, என்ஜினின் உறுமலை ஸ்பீக்கர் வழியாக ஒலிக்கச் செய்தார்கள். பிறகு மின்சாரக் கார்களுக்காக ஹான்ஸ் ஸிம்மரை அழைத்தார்கள்; நம் ஊரில் ரஹ்மானை. இருவரும் மகா சங்கீத வித்துவான்கள். ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் பின்னணி இசை எழ வேண்டுமென்று எந்த ஹை-ஃபை ரசிகரும் விண்ணப்பித்ததாகத் தெரியவில்லை. அணைக்கும் வசதி வைத்திருக்கிறார்கள். அதற்காக நன்றி சொல்லலாம்.

> பெட்டிச் செய்தி: ஷோரூமில் காதால் சோதிக்க
>
> அவர்கள் போடும் டெமோ பாட்டு வேண்டாம். நூறு முறை கேட்டுப் பழகிய ஒரு பாட்டை எடுத்துச் செல்லுங்கள். ஒரே குரலும் ஒரே வாத்தியமும் இருந்தால் உத்தமம். பாஸ், ட்ரெபிள் எல்லாவற்றையும் நடுவில் வைத்து, ‘ஸரவுண்ட்’ முதலிய அலங்காரங்களை அணைத்துவிடுங்கள். குரல் டாஷ்போர்டின் நடுவிலிருந்து வருகிறதா, கதவிலிருந்தா என்று கவனியுங்கள். பாஸ் மிகுந்த பாட்டைப் போட்டுக் கதவுப் பிடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை அதிர்ந்தால் கதவும் கூடப் பாடுகிறது என்று அர்த்தம். இதையெல்லாம் என்ஜின் அணைந்த நிலையில் மட்டுமன்றி, ஏ.ஸி. ஓட, எண்பது கிலோமீட்டர் வேகத்திலும் செய்யுங்கள்.

பெயர்ப்பலகை பல, வீடு இரண்டு

ஒரு காரில் ஹார்மன் கார்டன், ஒன்றில் ஜே.பி.எல்., லெக்ஸஸில் மார்க் லெவின்ஸன், ஆடியில் பேங் அண்டு ஓலுஃப்ஸென், வால்வோவில் பவர்ஸ் அண்டு வில்கின்ஸ் என்று பெயர்களைக் காணும்போது, இவையெல்லாம் ஒன்றோடொன்று போட்டியிடும் கம்பெனிகள் என்று எண்ணத் தோன்றும். இந்த ஐந்தும் கார்களைப் பொறுத்தவரை ஒரே ஸ்தாபனத்திலிருந்து வருபவை; அதுதான் 1953-இல் தொடங்கிய ஹார்மன். அந்த ஹார்மனைத் தென்கொரியாவின் ஸாம்ஸங் 2017-இல் 800 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. மர்ரேயின் காருக்குச் சாதனம் செய்த ஆர்காமும் அந்தக் குடும்பமே. பவர்ஸ் அண்டு வில்கின்ஸ் வீட்டு ஸ்பீக்கர் வியாபாரமும் 2025-இல் அங்கேயே போய்ச் சேர்ந்தது. மற்றொரு பக்கம், நீல விளக்கு எரியும் மீட்டர்களால் மூன்று தலைமுறை ரசிகர்களை வசீகரித்த மகின்டாஷையும், மஸராட்டிக்குச் சாதனம் செய்யும் இத்தாலியின் ஸோனுஸ் ஃபாபரையும், 2024 நவம்பரில் போஸ் வாங்கிற்று.

ஒரே வீட்டில் பிறந்தவை ஒன்றுபோல் ஒலிக்க வேண்டுமென்ற நியதி இல்லை. நல்ல பொறியாளர்கள் கைப்பட்டால் ஒவ்வொரு காரும் தனித்தனியே நன்றாகலாம். 2015-ஆம் ஆண்டு வாக்கில் வந்த வால்வோ எக்ஸ்.ஸி. 90-இல், கோதன்பர்க் நகரத்துக் கச்சேரி மண்டபத்தின் ஒலியமைப்பைப் போல் கேட்கச் செய்யும் வசதி, நிறுத்திய காரில் உட்கார்ந்து கேட்டால் மெய்யாகவே ரசிக்கத்தக்கது. ஆனால் வீட்டில் தாம் போற்றும் பெயர் காரின் கதவில் பொறித்திருப்பதால் மட்டுமே வீட்டுச் சங்கீதம் காரிலும் கிடைக்கும் என்று நம்பிப் பணத்தைக் கொடுப்பவர்கள், பெரும்பாலும் பெயரைத்தான் வாங்குகிறார்கள்.

அடைபட்ட ஜன்னல்

முன்பெல்லாம் இதற்கொரு மாற்று இருந்தது. டாஷ்போர்டின் நடுவில் 182 மில்லிமீட்டர் அகலமும் 53 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட ஒரு சிறு துவாரம். ஜெர்மானியர் வகுத்து உலகம் ஏற்றுக்கொண்ட அளவு. எந்தக் கம்பெனியின் காரானாலும், அந்தத் துவாரத்தில் எந்தக் கம்பெனியின் செட்டையும் பொருத்தலாம். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகள் செழித்தது அந்தத் துவாரத்தின் புண்ணியத்தால். அங்கே ஒரு நல்ல கைகாரர் வேலை செய்வதைப் பார்ப்பது ஒரு கல்வி: கதவின் உள்தட்டியைக் கிளிப்பு உடையாமல் பெயர்த்து, வெறும் தகட்டை விரலால் தட்டிக் காட்டுவார், ‘டங்’ என்று அதிரும், கறுப்புத் தார்ப் பட்டையை ஒட்டி, சிறு ரோலரால் மடிப்பின்றி அழுத்தித் தேய்த்துவிட்டு மறுபடி தட்டுவார், ‘தொப்’ என்று அடங்கிவிடும். ஸ்பீக்கரை மாற்றுவதற்கு முன் கதவை மௌனமாக்க வேண்டும் என்பது அவர் ஏட்டில் படித்ததல்ல.

இன்று அந்தத் துவாரத்தின் இடத்தில் பெரிய திரை வந்துவிட்டது. ஏ.ஸி., காமிரா, எச்சரிக்கை விளக்கு யாவும் அதற்குள் பின்னிக் கிடப்பதால் அதைக் கழற்ற வழியில்லை. ஒரு வயரை வெட்டினால் வாரண்டி போய்விடுமென்று பயமுறுத்துகிறார்கள். நல்ல சாதனம் வேண்டுமானால் கம்பெனி கொடுப்பதையே வாங்க வேண்டும். அதையோ உயர்ந்த வேரியண்டில் மட்டுமே கொடுக்கிறார்கள். சங்கீதத்தில் ஆசையுள்ளவன், தனக்கு வேண்டாத சன்ரூஃபையும், குளிரூட்டும் ஆசனத்தையும், பளபளக்கும் பெரிய சக்கரங்களையும் சேர்த்தே வாங்கியாக வேண்டும். இதிலும் ஒரு விபரீதம்: தலைக்கு மேலே கண்ணாடி வந்தால் ஒலியை எதிரொலிக்கும் பரப்பு கூடுகிறது; பெரிய சக்கரத்தில் மாட்டும் மெல்லிய டயர் இரைச்சலைக் கூட்டுகிறது. எட்டு ஸ்பீக்கர் கொண்ட உயர்ந்த வேரியண்டைவிட, சிறிய சக்கரமும் நாலே ஸ்பீக்கரும் கொண்ட கீழ் வேரியண்ட், கதவுகளுக்குப் பட்டை ஒட்டிய பிறகு, நெடுஞ்சாலையில் காதுக்கு இனிமையாக இருப்பது சாத்தியம். அதைச் சொல்லும் விற்பனையாளர் மட்டும் அபூர்வம்.

கார் கம்பெனிகளுக்கு ஒரு வேண்டுகோள். சாயத்தைத் தனியே தேர்ந்தெடுக்க அனுமதிக்கிறீர்கள். ஒலிச்சாதனத்தையும் அவ்வாறே தனி விலை போட்டு, எல்லா வேரியண்டிலும் கொடுங்கள். அதோடு, மணிக்கு எண்பது கிலோமீட்டரில் உள்ளறையின் இரைச்சல் எத்தனை டெசிபல் என்ற ஒற்றை எண்ணை, ஸ்பீக்கர் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே விலைப்பட்டியலில் அச்சிடுங்கள். கார் வாங்கப் போகும் வாசகர்களும் அந்த எண்ணை வாய்விட்டுக் கேட்கத் தொடங்கட்டும். கேட்பவர்கள் பெருகினால் அச்சிடத் தொடங்குவார்கள்.